ரப்பர் மரம் செல்லும், மூங்கில் செல்லாது: கிரிக்கெட் மட்டைக்கு என்னதான் விதி?

தங்காக் – ரப்பர் மரத்தில் ஒன்று, மூங்கில் பட்டைகளை ஒட்டிய பலகையில் ஒன்று, தென்னை மட்டையில் ஒன்று என மூன்று கிரிக்கெட் மட்டைகளைச் செதுக்கி, முறையான போட்டி ஒன்றுக்கு எடுத்துச் சென்றால் நடுவர் எதை அனுமதிப்பார்? மூன்றையும் விரட்டிவிடுவார் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். தொலைக்காட்சியில் காணும் ஆட்டக்காரர்கள் கையில் இருப்பது வில்லோ மரம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? ஆனால், அளவு சரியாக இருந்தால் ரப்பர் மர மட்டையைத் தடுக்க நடுவருக்கு விதி கிடையாது. மூங்கிலும் தென்னை மட்டையும்தான் வெளியே நிற்க வேண்டும்.

தங்காக் வட்டாரத்தில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை. துணிக்கடைகளுக்குப் பேர்போன இந்தச் சிற்றூரைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். வயதான ரப்பர் மரங்களை அறுத்து மேசை நாற்காலி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற மூவார் பக்கத்திலேயே இருக்கிறது. தென்னை இல்லாத கம்பமும் இல்லை. ஆனாலும், இங்குள்ள பிள்ளை ஒருவர் தோல்பந்தில் கிரிக்கெட் ஆட வேண்டுமென்றால், இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ இங்கிலாந்திலோ இருந்து வரும் மட்டையைத்தான் பெற்றோர் வாங்க வேண்டியிருக்கிறது. சாதாரண மட்டைக்கே சில நூறு ரிங்கிட் ஆகிறது. நல்ல வில்லோ மட்டை என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

நம் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் முதல் காதல், அதை மறுப்பதற்கில்லை. என்றாலும் ஜொகூர் மாநிலம் கிரிக்கெட்டுக்குப் புதிதல்ல. 2008-இல் விராட் கோலி தலைமையில் இந்தியா வென்ற 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டியின் சில ஆட்டங்கள் இந்த மாநிலத்தில்தான் நடந்தன. 2025 ஜனவரியில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணத்திலும் ஜொகூர் கிரிக்கெட் அகாடமி திடல் ஒரு களமாக இருந்தது. அந்தக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் மதுரையைச் சேர்ந்த கமலினி இருந்ததால் நம் வீடுகளிலும் அந்தப் போட்டியைப் பற்றிய பேச்சு எழுந்தது.

மட்டையின் விதி எப்படி உருவானது என்று பார்த்தால், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிறார். யாரோ ஒருவர் எல்லை மீறி ஒரு மட்டையைக் கொண்டுவந்திருக்கிறார். மறுநாள் விதி பிறந்திருக்கிறது.

விக்கெட்டை மறைத்த மட்டை

கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் மட்டை இப்போதுள்ள உருவத்திலேயே இல்லை. அன்று பந்தைத் தரையோடு உருட்டித்தான் வீசுவார்கள். ஆகவே ஹாக்கி கோல் போல அடியில் வளைந்த கட்டையே போதுமானதாக இருந்தது. லண்டன் ஓவல் அரங்கில் 1729 என்று ஆண்டு பொறித்த அத்தகைய மட்டை ஒன்றை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பந்து எகிறி வரத் தொடங்கிய பிறகுதான் மட்டை நேரானது, பலகை போல ஆனது.

பலகை என்று ஆன பின் அகலம் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. 1771 செப்டம்பர் 23 அன்று, செர்ட்சி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், செர்ட்சிக்காக ஆடிய தாமஸ் வைட் என்பவர் விக்கெட் அகலத்துக்கே ஒரு மட்டையைக் கொண்டுவந்து நின்றார். அப்போது விக்கெட் என்பது இரண்டே குச்சிகள். அகலம் 6 அங்குலம். மட்டையை நேராகப் பிடித்து நின்றால் பந்துக்கு வழியே இல்லை!

அந்த ஆட்டத்தை ஹாம்பிள்டன் அணி ஒரே ஒரு ஓட்டத்தில் வென்றது. வென்றும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளில், மட்டையின் அகலம் இனி நாலேகால் அங்குலம்தான் என்று எழுதி மூவர் கையொப்பமிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜான் சிமால். அவர் ஆட்டக்காரர் மட்டுமல்ல, மட்டை செய்து விற்பவரும்கூட. 1774-இல் திருத்தப்பட்ட விதிகளில் அந்த அளவு ஏறிக்கொண்டது.

அந்த நாலேகால் அங்குலம் (10.8 செ.மீ.) இன்றுவரை மாறவில்லை. இடையில் விக்கெட்டுக்கு மூன்றாவது குச்சி வந்தது; அகலம் படிப்படியாகக் கூடி 9 அங்குலம் ஆனது. ஆக, 1771-இல் விக்கெட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கை மறைத்த மட்டை, இன்று பாதியைக்கூட மறைப்பதில்லை. கடந்த 250 ஆண்டுகளில் மட்டையாளருக்கே எல்லாச் சலுகையும் கிடைத்ததாகப் பந்துவீச்சாளர்கள் புலம்புவது உண்டு. இந்த ஒரு கணக்கு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

நீளத்துக்கு 1835-இல் வரம்பு வந்தது: 38 அங்குலம், அதாவது 96.52 செ.மீ. எடைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் வரம்பு கிடையாது. தூக்க முடிந்தால் தூக்கிக்கொள்ளலாம்.

அலுமினியம் எழுப்பிய சத்தம்

மட்டை எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் எழுதவில்லை. மரம்தானே, வேறு என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு. 1979 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அந்த நினைப்பு உடைந்தது.

வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் அலுமினிய மட்டையுடன் களமிறங்கினார். அது அவருடைய நண்பர் ஒருவரின் தயாரிப்பு. பள்ளிகளுக்கும் சிறு கிளப்புகளுக்கும் மலிவாக விற்கலாம் என்பது திட்டம். இயன் போத்தம் வீசிய பந்தை லில்லி நேராக அடித்தார். மூன்று ஓட்டங்கள் கிடைத்தன. பந்து பட்டபோது எழுந்தது மரச் சத்தம் அல்ல, தகரத்தைத் தட்டிய சத்தம்.

அதன் பிறகு நடந்தது வேடிக்கை. பந்து நசுங்குகிறது என்று இங்கிலாந்து அணித்தலைவர் மைக் பிரியர்லி நடுவர்களிடம் முறையிட்டார். ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பலுக்கோ வேறு கவலை: மர மட்டையாக இருந்தால் அது நான்கு ஓட்டமாகப் போயிருக்கும் என்று அவர் நினைத்தார். மர மட்டைகளைக் கொடுத்து ஓர் ஆட்டக்காரரைத் திடலுக்குள் அனுப்பினார். லில்லி மறுத்தார். விதியில் மரம் என்ற சொல்லே இல்லை என்பது அவர் வாதம், அது உண்மையும்கூட. ஏறக்குறைய பத்து நிமிடம் ஆட்டம் நின்றது. கடைசியில் சாப்பலே உள்ளே வந்தார். லில்லி அலுமினிய மட்டையைத் தூர வீசி எறிந்துவிட்டு மரத்தை வாங்கிக்கொண்டார்.

மறு ஆண்டே விதி வந்தது. மட்டையின் பலகை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று எம்.சி.சி. எனப்படும் மேரிலெபோன் கிரிக்கெட் கழகம் எழுதியது. கிரிக்கெட் சட்டங்கள் 1788 முதல் இந்தக் கழகத்தின் கையில்தான் இருக்கின்றன. உலகத்தில் எந்த மூலையில் ஆடினாலும் அடிப்படைச் சட்டம் அங்கிருந்தே வருகிறது. இன்றைய சட்டப் புத்தகத்தில் மட்டைக்கு உரியது 5-ஆவது சட்டம். அதிலுள்ள முக்கியமான சொல் ‘மரம் மட்டுமே’ என்பது. எந்த மரம் என்று சொல்லவில்லை. வில்லோ என்ற பெயரே அதில் கிடையாது. ரப்பர் மரத்துக்கு வாசல் திறந்திருப்பது அதனால்தான்.

‘மட்டுமே’ என்பது எவ்வளவு கறாரான சொல் என்பதை ரிக்கி பொண்டிங்கின் மட்டை காட்டியது. கூக்கபரா நிறுவனம் செய்த அவருடைய மட்டையின் முதுகில் கரிம இழைப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பந்து படும் முகத்தில் அல்ல, முதுகில். அதுவும் விதிக்குப் புறம்பானது என்று எம்.சி.சி. சொல்லிவிட, 2006-இல் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பந்தைக் கெடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. 2016 டிசம்பரில் ஆன்ட்ரே ரசல் ஆஸ்திரேலியாவின் பிக் பேஷ் போட்டியில் கறுப்பு நிற மட்டையுடன் ஆடினார். அடிக்க அடிக்கக் கறுப்புச் சாயம் வெள்ளைப் பந்தில் ஒட்டியது. அந்த மட்டைக்குத் தந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. நிறம் அங்கே குற்றமில்லை, ஒட்டியதுதான் குற்றம்.

தோள் இல்லாத மட்டை, முதுகு குழிந்த மட்டை

பொருளில் கறாராக இருக்கும் சட்டம், வடிவத்தில் தாராளமாக இருக்கிறது. அகலமும் நீளமும் மீறாதவரை பலகையை எப்படியும் செதுக்கலாம்.

1974-இல் கிரே நிக்கல்ஸ் நிறுவனம் முதுகுப் பகுதியைக் குடைந்தெடுத்த ‘ஸ்கூப்’ மட்டையை விற்பனைக்கு விட்டது. பொதுவாக மட்டையின் முதுகில் நடுவே மேடு இருக்கும். இதில் பள்ளம் இருந்தது. எடையை ஓரங்களுக்குத் தள்ளினால், பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் மட்டை கையில் திரும்பாது என்பது கணக்கு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1994-இல் பிரையன் லாரா டெஸ்ட் ஆட்டத்தில் 375 ஓட்டங்கள் குவித்தது அந்தக் குடும்பத்து மட்டையில்தான்.

நியூசிலாந்தின் லான்ஸ் கெய்ன்ஸ் வைத்திருந்த ‘எக்ஸ்காலிபர்’ இன்னும் விசித்திரம். அந்த மட்டைக்குத் தோளே இல்லை. பலகையின் மேல் மூலைகள் இரண்டையும் சீவி எறிந்ததால், துடுப்பு போல, பழங்காலத்துக் கதாயுதம் போல இருந்தது. 1983 பிப்ரவரியில் மெல்பர்னில் அதைக் கொண்டு அவர் 25 பந்துகளில் 52 ஓட்டங்கள் எடுத்தார், ஆறு சிக்சர்கள். அவற்றில் ஒன்று ஒரே கையால் அடித்தது. வீசியவர் யார் தெரியுமா? அலுமினிய மட்டை லில்லியேதான்.

நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது மூன்றாவது உதாரணம். 2010 மார்ச் 19, டில்லி. சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடிய மேத்யூ ஹேடன், பாதி மட்டையை யாரோ உடைத்துவிட்டது போலத் தோன்றும் ஒன்றைக் கையில் எடுத்தார். ‘மங்கூஸ்’, அதாவது கீரி. வழக்கமான மட்டையைவிடப் பலகை மூன்றில் ஒரு பங்கு குட்டை. கைப்பிடியோ 43 விழுக்காடு நீளம். அன்று அவர் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் விளாசினார். சென்னை வென்றது.

கீரி மட்டையின் சூட்சுமம் இதுதான்: கைப்பிடி நீண்டால் சுழற்சி வேகம் கூடும், பலகை குட்டையானால் எடை முழுவதும் பந்து படும் இடத்தில் திரளும். விளாசுவதற்கு அது சரி. ஆனால் நெஞ்சுயரம் எகிறி வரும் பந்தைத் தடுத்தாட மேலே பலகை இல்லையே! கைப்பிடியில்தான் வாங்க வேண்டும். அதனால் அந்த மட்டை டி20-இல் சில காலம் மின்னிவிட்டு மறைந்தது. இப்போதுள்ள சட்டப்படி கைப்பிடி, மட்டையின் மொத்த நீளத்தில் 52 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது (சிறுவர்களுக்கான சிறிய மட்டைகளுக்கு இது பொருந்தாது). முழு நீள மட்டையானால் கைப்பிடிக்கு 50 செ.மீ. சொச்சம், மிச்சம் பலகை. விரும்பினால் இன்றும் ஒருவர் குட்டைப் பலகையோடு இறங்கலாம். யாரும் விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

விளிம்பு தடித்த கதை

இத்தனை வேடிக்கை வடிவங்களும் சேர்ந்து செய்யாததை, பார்வைக்குச் சாதாரணமாக இருந்த மட்டைகள் செய்தன. அவை சத்தமில்லாமல் தடித்துக்கொண்டே வந்தன. எம்.சி.சி. கொடுத்த கணக்குப்படி, 1905-இல் மட்டை விளிம்பின் தடிப்பு 16 மில்லிமீட்டர். 1980-இல்கூட 18தான். அதன் பின் 35, 40 என ஏறி, சில மட்டைகளில் 50-ஐத் தொட்டது.

எடை கூடாமல் இது எப்படிச் சாத்தியமானது? மரத்தை நன்றாக உலர்த்தினார்கள். முன்பு போல அழுத்தி இறுக்குவதைக் குறைத்தார்கள். அதே எடையில் பருமன் கூடியது. மட்டை சீக்கிரம் வெடித்தது உண்மை. மட்டையைக் கம்பெனியே கொடுக்கும் ஆட்டக்காரருக்கு அதில் என்ன நட்டம்? நட்டம் பந்துவீச்சாளருக்குத்தான். முன்பு விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் கேட்ச் ஆன பந்து, இப்போது அதே விளிம்பில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தது.

2017 அக்டோபர் 1 முதல் புதிய வரம்பு வந்தது: விளிம்பு 40 மி.மீ., முதுகு மேடு உட்பட மொத்தப் பருமன் 67 மி.மீ. இதை அளக்க நடுவர் ஸ்கேல் பிடித்து நிற்பதில்லை. மட்டையின் குறுக்கு வெட்டு வடிவத்தில் ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கிறது. மட்டை அதனுள் நுழைந்து வந்தால் சரி. சிக்கினால் வேறு மட்டை எடுக்க வேண்டும். டேவிட் வார்னரின் பெயர்போன ‘கபூம்’ மட்டையும் இந்த விதிக்காக இளைக்க வேண்டி வந்தது.

2025 ஐ.பி.எல். போட்டியில் மட்டையாளர் களம் புகும்போதே தகட்டை மாட்டிப் பார்த்ததைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். அந்த ஏப்ரலில் பஞ்சாப் அணிக்கு எதிரான ஆட்டத்தில், கொல்கத்தாவின் சுனில் நரைன், அன்ரிக் நோர்க்கியா இருவரின் மட்டைகளும் தகட்டில் நுழையவில்லை. நோர்க்கியா கடைசி ஆளாக இறங்கும் வேகப்பந்து வீச்சாளர்! அவருக்கும் தடித்த மட்டை மேல் ஆசை இருந்திருக்கிறது.

மூங்கில் மரமா, புல்லா?

இனி, தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருவோம். மூங்கில் ஏன் கூடாது?

2021-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தர்ஷில் ஷாவும் பென் டிங்லர் டேவிசும் மூங்கில் பட்டைகளை ஒட்டி ஒரு மட்டை செய்து சோதித்தார்கள். தர்ஷில் ஷா நம் அண்டை நாடான தாய்லாந்தின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். அவர்கள் கண்டது இது: மூங்கில் வில்லோவைவிட மூன்று மடங்குக்கு மேல் வலிமை வாய்ந்தது. பந்து பட்டால் கை அதிராமல் பறக்கும் அந்த நல்ல இடம், மூங்கில் மட்டையில் அகன்று இருக்கிறது. ஒரே குறை, அவர்கள் செய்த மட்டை கனமாக இருந்தது.

அவர்கள் மூங்கிலைத் தேடிப் போனதற்குக் காரணம் விலையும் தட்டுப்பாடும். மட்டைக்கு ஏற்ற வில்லோ மரம் வளர 15 ஆண்டுகள் வரை ஆகிறது. அறுத்துச் செதுக்கும்போது கணிசமான மரம் வீணாகிறது. மூங்கில் ஏழு ஆண்டுகளில் முற்றிவிடும். ஆசியாவில் அது விளையாத நாடு குறைவு. மூங்கில் மட்டை வந்தால், பணமில்லாத இடங்களில் கிரிக்கெட் வேர்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

எம்.சி.சி.யின் பதில் அந்த மே மாதத்திலேயே வந்தது. மூங்கில் ஒரு புல். பலகை மரத்தால் மட்டுமே ஆகியிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதை மரம் என்றே ஏற்றுக்கொண்டாலும், பட்டைகளை ஒட்டிப் பலகை செய்வதற்கு அப்போதைய விதியில் சிறுவர் மட்டைகளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. ஆகவே சட்டத்தைத் திருத்தாமல் மூங்கில் மட்டை செல்லாது. அதே சமயம், ஆராய்ச்சியை வரவேற்பதாகவும் கழகம் சொன்னது.

‘மூங்கிலைப் புல் என்கிறார்களே!’ என்று அப்போது வியந்தவர்கள் பலர். தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்து உள்ளே மென்மையாக இருப்பவை புல். உள்ளே வைரம் பாய்ந்தவை மரம். முன்னதைப் புறக்காழ் என்றும் பின்னதை அகக்காழ் என்றும் அது பிரிக்கும். பனை, தெங்கு, மூங்கில் எல்லாம் புறக்காழ்ப் பட்டியலில் வரும். பேச்சில் நாம் தென்னை மரம், பனை மரம் என்று சொன்னாலும் இலக்கணத்தில் அவை புல்தான். செம்பனை தொல்காப்பியர் அறியாத பயிர். அறிந்திருந்தால் அதையும் அங்கேதான் சேர்த்திருப்பார்.

ஆக, தென்னை மட்டையும் செம்பனை மட்டையும் கிரிக்கெட் சட்டத்தில் தேறாது. அவை தண்டுகூட அல்ல. ஓலையைத் தாங்கும் காம்பு. இதில்தான் ஒரு வேடிக்கை. இந்த விளையாட்டுக் கருவிக்குத் தமிழில் நாம் வைத்த பெயரே ‘மட்டை’. பனைக்கும் தென்னைக்கும் உரிய அந்தக் காம்பின் பெயர்தான் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் நம் தோட்டத்து லயங்களிலும் பிள்ளைகள் முதலில் கையில் பிடித்ததும் அதையே. அடி அகன்றது, மேலே ஒடுங்கியது. கத்தி இருந்தால் கால் மணி நேரத்தில் பிடி தயார். செம்பனை மட்டையில் மட்டும் ஓரத்து முள்ளைச் சீவியாக வேண்டும். இலங்கைத் தமிழர்கள் வேறு பெயரைத் தேர்ந்தார்கள்: அவர்களுக்கு அது துடுப்பு, ஆட்டம் துடுப்பாட்டம். படகுத் துடுப்பு மரத்தில் செய்வது. சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொல் செல்லும், நம் சொல் செல்லாது!

இன்னொரு முரணும் உண்டு. பலகையில் நுழைய முடியாத புல், கைப்பிடியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு அமர்ந்திருக்கிறது. கைப்பிடி முக்கியமாகப் பிரம்பாலோ மரத்தாலோ ஆகியிருக்க வேண்டும் என்று அதே 5-ஆவது சட்டம் சொல்கிறது. பிரம்பு என்பது காட்டு மரங்களைப் பற்றி ஏறும் ஒரு வகைப் பனைக்கொடி. கீற்றுகளாகச் சீவி, இடையிடையே ரப்பர் தகடு வைத்து ஒட்டி, நூல் சுற்றினால் அடியின் அதிர்வைக் கைக்கு விடாமல் அது வாங்கிக்கொள்கிறது. அந்தப் பிரம்பு விளையும் காடுகள் நம் பக்கத்தவை. இந்திய மட்டை வியாபாரிகள் விளம்பரத்தில் ‘சிங்கப்பூர் பிரம்பு’, ‘சரவாக் பிரம்பு’ என்று பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். பிரம்பு, மரம், நூல் தவிர்த்த பிற பொருள்கள் கைப்பிடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

அப்படியானால் ரப்பர் மரத்தில் ஏன் செய்வதில்லை?

சட்டம் அனுமதித்தால் போதாது, மரமும் ஒத்துழைக்க வேண்டும். பால் வற்றிய ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். இன்று அது மூவாரிலிருந்து வெளிநாடுகளுக்கு மேசையாகவும் கட்டிலாகவும் போகிறது. தளபாடத்துக்கு அது பொன். மட்டைக்கு, கனம். வில்லோவைவிட அடர்த்தி மிகுந்த மரம் என்பதால், விதி அனுமதிக்கும் பருமனில் ரப்பர் மட்டை செய்தால் பெரியவருக்கே தோள் வலிக்கும். கனத்தைக் குறைக்க இழைத்தால் பலகை மெலிந்து, பந்தைத் திருப்பி அனுப்பும் வேகம் போய்விடும்.

வில்லோவின் அருமை அதன் மென்மையில் இருக்கிறது. இழைகளுக்கு இடையே காற்று நிறைந்த, எடை குறைந்த மரம். உருளையில் கொடுத்து அழுத்தினால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே மெத்தை போல நெகிழும். பந்து பட்டால் குழியுமே தவிரச் சட்டென்று பிளக்காது. காஷ்மீரில் விளையும் வில்லோ இங்கிலாந்து வில்லோவைவிடச் சற்றுக் கனம். விலை பெரிதும் குறைவு. ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் உள்ள சங்கம் என்னும் ஊரில் சாலை நெடுக மட்டைகளை அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். 2021 டி20 உலகக் கிண்ணத்தில் ஓமான் ஆட்டக்காரர்கள் சிலர் காஷ்மீர் மட்டையுடன் இறங்கியபோது அந்த வட்டாரம் கொண்டாடியது.

பிள்ளைக்கு முதல் மட்டை வாங்கும் பெற்றோருக்குக் காஷ்மீர் வில்லோ போதும். கவனிக்க வேண்டியது வேறொன்று. கடைகளில் டென்னிஸ் பந்துக்கென்றே விற்கும் மட்டைகள் இருக்கின்றன: தடித்த விளிம்பு, முதுகில் ஆழமான குடைவு, பார்க்கவே மிடுக்கு. அவற்றில் பல 40 மி.மீ. வரம்பைத் தாண்டியவை. தாமான் திடலில் ஆட அவை நல்லவை. தோல்பந்துக்கு எடுத்தால் வெடிக்கலாம். மாநில அளவிலான போட்டிக்குக் கொண்டுபோனால் தகட்டில் நுழையாமல் பிள்ளை இரவல் மட்டையில் ஆட நேரலாம். வாங்கும்போது விளிம்பை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க அரை நிமிடம் போதும். தோல்பந்து மட்டையானால், ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச்சுத்தியலால் முகத்தையும் விளிம்பையும் சில மணி நேரம் மெல்லத் தட்டிப் பதப்படுத்திய பிறகே ஆட்டத்துக்கு எடுக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் முதல் வாரத்திலேயே மட்டையைப் பிளந்துகொள்கிறார்கள். உயரத்துக்கு மீறிய மட்டையை, ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று வாங்கித் தருவதும் வேண்டாம். காலணி போலத்தான் அதுவும்.

தோட்டத்திலும் தாமானிலும் டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துபவர்களுக்கு எம்.சி.சி. தகடு கட்டாயமில்லை. எந்த மட்டைக்கு அனுமதி என்பதை ஏற்பாட்டுக் குழுவே முடிவு செய்யலாம். அந்த முடிவைப் போட்டி அறிவிப்பிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டால், விளிம்பு தடித்த மட்டையோடு வரும் அணிக்கும் அதை எதிர்க்கும் அணிக்கும் இடையே திடலில் நின்று வாதாடும் வேலை இருக்காது. மூங்கில் மட்டைக்கும் தென்னை மட்டைக்கும் அங்கே தடையில்லை.